கண்ணை மட்டும் மறைத்த படம்

கண்ணை மறைத்துவிட்டால் ஆளே மறைந்துவிடுவான் என்று கண்டுபிடித்த மேதாவி யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் போலீஸ்காரி நேரிலேயே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். தெருமுனையில், மின்கம்பத்துக்கும் மருந்துக்கடைச் சுவருக்கும் நடுவில், ஒரு லாரியையே மறைத்துவிடும் அளவுக்குப் பெரிய விளம்பரப் பலகை நின்றது. 'உயிர் காக்கும் உங்கள் காவல்துறை' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே படம். தரையில் ஒருவன் கிடக்கிறான், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேர் கண்களின் மேலும் கறுப்பாக ஒரு கோடு. ரகசியம் காத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது: தையல் மெஷின், அதில் ஒட்டியிருந்த கிளி ஸ்டிக்கர், பச்சைக் கதவு, ஆணியில் தொங்கிய பாதி தைத்த மஞ்சள் கவுன்.

அந்தப் படத்தை எடுத்தவளே இந்தப் போலீஸ்காரிதான்.

தெருவில் இவளுக்கு 'மூக்குமருந்து' என்று பெயர். நிலையத்தில் புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. போதைத் தூள் அடிக்கிறவர்களைப் பிடித்துப் பிடித்து உள்ளே போட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவழியாக யாருக்கோ மண்டையில் உறைத்திருந்தது. அளவு மிஞ்சி மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறவனின் மூக்கில் ஒரு மருந்தைப் பீச்சினால் மூச்சு திரும்பும். திரும்பியதும் சிகிச்சை மையத்தில் அன்றைக்கே படுக்கை கிடைக்கும். போன் செய்து கூப்பிட்டவர் மேல் வழக்கு இல்லை, பெயரும் வெளியே வராது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை இவளுடையது.

போலீஸ் வந்து கதவைத் தட்டி, "பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் நம்புவதற்கு யாருக்கென்ன பைத்தியமா? ஒருத்தி, புருஷன் வெளியூர் போயிருக்கிறான் என்று சத்தியம் செய்தாள். அவன் திரைக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தான். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது இவள் காலை நக்கிவிட்டுப் போனது. அந்தத் தெருவில் முதலில் இவளை நம்பிய ஜீவன் அதுதான். தொப்பியைக் கழற்றி, பூட்ஸை விட்டு, சாதாரணச் செருப்பில் நடந்து நடந்து, திண்டாடித்தான் ஒவ்வொரு கதவையும் திறக்க வைத்தாள்.

தையற்காரியின் பச்சைக் கதவு திறந்தது யூனிஃபார்மின் புண்ணியத்தில். இடுப்பு தளர்ந்துபோன காற்சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள். காத்திருந்த நேரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க மேசையிலிருந்த கத்தரியை எடுத்தாள். தையற்காரி பட்டென்று கையில் ஒரு அடி போட்டாள்.

"அது துணிக் கத்தரி. வேற எதையாவது வெட்டினா முனை போயிடும். என் கூடப் பொறந்தவனுக்கே தர மாட்டேன்."

"போலீஸைக் கை நீட்டி அடிச்சிருக்கே, தெரியுதா?"

"கத்தரியைத் தொட்டா யாரா இருந்தாலும் அடிப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கூடப் பிறந்தவனைப் பற்றிப் பேச்சு வந்தது. தம்பி வெல்டர், கை சுத்தமான வேலைக்காரன். ஒரு வருஷமாகத் தூள். அக்கா இதைச் சொன்னபோது மெஷினை மிதிப்பதை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று மூக்குமருந்துக்குப் புரிந்தது.

பிறகு ஒரு மத்தியானம் தையற்காரியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, நீ சொன்ன மருந்து... சீக்கிரம்..." அவ்வளவுதான் பேச முடிந்தது. சைரன் இல்லாமல் ஜீப்பை விரட்டிக்கொண்டு போனாள். தம்பி தரையில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கில் மருந்தைப் பீச்சி, மோவாயை நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தவன் முதல் வேலையாக, "எவன்டா என் மூக்குல தண்ணி ஊத்தினது?" என்று திட்டினான். அந்தத் திட்டைக் கேட்டு அக்காள்காரி சிரித்தாள், அழுதாள், அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன விதி. மருந்து பயன்படுத்தினால் படம் அனுப்ப வேண்டும். படம் இல்லாவிட்டால் மருந்தை வெளியே விற்றுவிட்டாய் என்று கேள்வி வரும். சொந்த ஆட்களையே திருடர்கள் என்று நினைக்கிற இலாகா, ஊரார் தன்னை நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

"ஒரு படம் எடுக்கணும்மா. ஆபீசுக்கு மட்டும்தான்."

தையற்காரி தலையாட்டினாள். அந்த நேரத்தில் வீட்டை எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

தம்பி சிகிச்சை மையத்தில் சேர்ந்தான், நல்லபடியாகத் திரும்பினான். அவனை அழைத்துவரப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"இனிமேதான் உண்மையான ஆபத்து. உடம்பு பழைய அளவை மறந்துடுச்சு, மனசு மறக்கலை. என்னைக்காவது ஒரு நாள் மனசு உடைஞ்சு பழைய அளவையே எடுத்தான்னா, தாங்க மாட்டான். அப்ப வீட்டுல ஆள் இருக்கணும். அந்த ஆள் யோசிக்காம உங்களைக் கூப்பிடணும். அது ஒண்ணுதான் அவனுக்குக் காவல்."

யோசிக்காமல் கூப்பிட வேண்டும். இதை மனதில் எழுதி ஒட்டிக்கொண்டுதான் அவள் திரும்பினாள். திரும்பிய வாரமே தெருமுனையில் பலகை முளைத்தது.

தையற்காரி வீட்டுக்கு முதலில் வந்தது மஞ்சள் கவுனுக்குச் சொந்தக்காரி.

"என் பொண்ணு கவுன் எதுக்குப் போலீஸ் போர்டுல தொங்குது?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். பாதி தைத்ததை அப்படியே சுருட்டி வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு கோட்டுக்குப் பின்னால் இருப்பது யார் என்று அதுவரை தெரியாதவர்களுக்கும் கவுன் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்தடுத்து ஒவ்வொருத்தியாக வந்து துணியைத் திருப்பிக் கேட்டார்கள். பட்டறை முதலாளி வெல்டரைக் கூப்பிட்டு, "நீ தங்கமான பையன்தான்பா, ஆனா வர்றவங்க ஒரு மாதிரி பேசறாங்க" என்றார். தங்கத்தை யாரும் வாசலுக்கு வெளியே நிறுத்த மாட்டார்கள். இவனை நிறுத்தினார். அவன் வீட்டுக்குள் போய் முடங்கினான்.

மூக்குமருந்து ஓடினாள். பச்சைக் கதவு பாதிதான் திறந்தது.

"ஆபீசுக்கு மட்டும்னு சொன்னீங்களே, மேடம்."

நேற்றுவரை 'அக்கா, நீ' என்றவள். இந்த 'மேடம்' செருப்படியை விட மோசமாக இருந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நான் பேசறேன். எடுக்க வெக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் கேளு, அவன் மறுபடி விழுந்தா..."

"விழுந்தா என் மடியிலயே போகட்டும். போர்டுல வேண்டாம்."

கதவு மூடியது. உள்ளே மெஷின் சத்தம் இல்லை. தைப்பதற்கு எதுவும் இருந்தால்தானே.

நிலைய அதிகாரிக்குப் போலீஸ்காரர்கள் வைத்த பெயர் 'ஸ்டூடியோ'. மரம் நட்டாலும் படம், குப்பை அள்ளினாலும் படம், அள்ளுவதற்கு முன்னால் குப்பையைக் கொட்டி அதற்கும் ஒரு படம் எடுக்கிறவர். இவள் போய் நின்றபோது மேசைக் கண்ணாடிக்கு அடியில் பலகையின் சின்னப் பிரதியைச் செருகிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த போர்டை எடுக்கணும். ஜனங்களுக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சுபோச்சு."

"அதான் முகத்தை மறைச்சாச்சே."

"கண்ணைத்தான் மறைச்சிருக்கீங்க, சார்."

"அதுவே போதும். எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க."

"அந்தத் தெருவுக்குக் கவுனைத் தெரியும், சார். கதவைத் தெரியும். பேர் வெளிய வராதுன்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு வாக்குக் கொடுத்தது நான்."

"பேரை நாம எங்கே போட்டோம்?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே படம் பிடித்து இன்னொரு பலகை வைத்திருக்கலாம். "மேலிடத்துலேர்ந்து பாராட்டு வந்திருக்கும்மா. பக்கத்து ஸ்டேஷன்காரன், போர்டு அடிச்சது யாருன்னு கேட்டு போன் போடறான். நீ என்னடான்னா கவுனைப் பத்திப் பேசறே."

"அப்படின்னா மருந்தையாவது வீட்டுலயே கொடுத்து வெக்கலாம், சார். எங்களைக் கூப்பிடலைன்னாலும் அவங்களே அடிச்சுப்பாங்க."

"கண்டவன் கையில கொடுத்தா வித்துத் தின்னுடுவான். எதுவா இருந்தாலும் எழுதிக் கொடு, பார்க்கலாம்."

எழுதிக் கொடுத்தாள். பார்த்தார்களோ இல்லையோ, பதில் வரவில்லை. மறுபடி நினைவூட்டினாள். பலகை வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது, சாயம் மட்டும் போகவில்லை. அந்தத் தெருவிலிருந்து அவள் போனுக்கு ஒரு அழைப்பு வரவில்லை. "பாத்தியா, கேஸே இல்லை, திட்டம் வெற்றி" என்றார் ஸ்டூடியோ. கூப்பிடாமல் இருக்கிறார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

கடைசியில் ஒரு காலையில் போன் அடித்தது. அந்தத் தெருவின் பெயிண்டர் வீட்டுக்காரி. வயதில் இவளுக்கு மூத்தவள், வாக்குக் கொடுத்த நாளில் இவள் போன் எண்ணை வாங்கி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தவள்.

"வாங்க. இப்ப வரலாம். எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

எதை எடுத்தாள் என்று விளங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை. போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கணம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. எத்தனையோ முறை உட்கார்ந்து தேநீர் குடித்த அறை. சுவரில் ஒன்றும் இல்லை. ஆணிகள் மட்டும் இருந்தன. படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் நிறம் வெளுக்காத சதுரங்களாகத் தெரிந்தன. கட்டிலின் மேல் போர்வையால் மூடிய ஒரு குவியல். ஜன்னல் திரை ஒரு முனையில் அவிழ்ந்து, மறுமுனையில் தொங்கியது. கீழே பெயிண்டர் கிடந்தார். கைவிரல் நகங்களில் நேற்றைய வெள்ளைப் பெயிண்ட் அப்படியே இருந்தது.

மருந்தைப் பீச்சினாள். ஊதினாள். மார்பை அமுக்கினாள். இன்னொன்றையும் பீச்சினாள். கை சில்லிட்டிருந்தது, அவளுக்கும் தெரிந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. கடைசியில் அந்த அம்மாள்தான் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"எப்ப விழுந்தார், அக்கா?"

"சமைச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்தேன். அப்ப மூச்சு இருந்துச்சும்மா. கரகரன்னு இழுத்துச்சு."

"அப்பவே ஏன் கூப்பிடலை?"

"கூப்பிடத்தான் போனை எடுத்தேன். உடனே அந்த போர்டு ஞாபகம் வந்துச்சு. பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம். சுவத்தைப் பாத்தேன். அவ வாங்கின கேடயம், அவ போட்டோ, கடை பேர் போட்ட காலண்டர். எல்லாம் படத்துல வந்துடுமே. அதான் ஒவ்வொண்ணா எடுத்து மூடி வெச்சேன். திரை பூப்போட்டது, தெருவுக்கே தெரியும். அது மட்டும் வரலை. முடிச்சு இறுகிப்போச்சு. அதுக்குத்தான் நேரமாயிடுச்சும்மா. இல்லைன்னா எப்பவோ கூப்பிட்டிருப்பேன்."

மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். திரையின் முடிச்சு தன் தப்பு என்கிற மாதிரி. புருஷன் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எதற்காக? போலீஸ் எடுக்கப்போகிற ஒரு படத்துக்காக.

அந்த நேரம் பார்த்துப் பையில் போன் துடித்தது. ஸ்டூடியோ.

"மருந்தோட கிளம்பினியாமே? படம் இன்னும் வரலை."

"ஆள் போயிட்டார், சார்."

"அடடா." என்றார். "சரி, அப்ப போர்டுக்கு வேண்டாம். கணக்குக்கு மட்டும் ஒண்ணு எடுத்து அனுப்பிடு."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். பல வருஷச் சர்வீசில் மேலதிகாரி பேசும்போது போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அழுகிறவர்களிடம் அந்த அம்மாளை ஒப்படைத்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகு நேரே நடந்துபோய்ப் பச்சைக் கதவை இடித்தாள். தையற்காரி முழுதாகத் திறந்தாள். சேதி அதற்குள் வந்திருந்தது.

"கத்தரியைக் குடு."

எந்தக் கத்தரி, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மேசையிலிருந்த துணிக் கத்தரியை எடுத்தாள், ஒருமுறை பார்த்தாள், கைப்பிடியைத் திருப்பி நீட்டினாள்.

பெயிண்டரின் ஏணி அவர் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்திருந்தது. படிக்குப் படி எல்லா வீட்டுச் சாயமும் சொட்டியிருந்த ஏணி. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் சாய்த்தாள். அது ஆடியது. யாரோ வந்து அழுத்திப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தாள். வெல்டர். பலகை வந்த நாளிலிருந்து வாசல் தாண்டாதவன், பட்டப்பகலில், தன் படத்துக்கு நேர் கீழே, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

அவள் ஏறினாள். கத்தரியை மேல் ஓரத்தில் குத்தி இழுத்தாள். அந்தக் கனத்த பிளாஸ்டிக் துணி சரசரவென்று கிழிந்தது. 'உயிர் காக்கும்' ஒரு பக்கம், 'உங்கள் காவல்துறை' ஒரு பக்கமாகத் தொங்கியது. கூட்டம் கூடியது. யூனிஃபார்ம் போட்ட பொம்பளை அரசாங்க போர்டைக் கிழிக்கிற வேடிக்கையை எவன் விடுவான்? ஒருவன் போனை உயர்த்தினான். இவள் பார்த்ததும் சட்டென்று இறக்கினான்.

"ஏன் இறக்கறே? எடு!" என்று மேலிருந்து கத்தினாள். "நல்லா எடு. என் மூஞ்சி தெளிவாத் தெரியணும், நெஞ்சுல குத்தியிருக்கற பேர் தெரியணும். கண்ணுல கோடு கீடு போட்டே, வீட்டுக்கே வந்து உதைப்பேன். ஒரு வாக்குக் கொடுத்தா அதைக் காப்பாத்தணும்னு இந்த இலாகாவுக்குச் சொல்லித் தர ஒரு ஆள் செத்துப்போக வேண்டியிருக்கு. அதையும் சேர்த்து அனுப்பு, எல்லாருக்கும் அனுப்பு!"

கடைசி ஓரத்தை வெட்டியதும் பலகைத் துணி முழுசாகச் சரிந்து சாக்கடையோரம் விழுந்தது. அவள் இறங்கித் திரும்பியபோது பெயிண்டர் வீட்டுக்காரி எதிரில் நின்றிருந்தாள். பிடித்திருந்த பெண்களை உதறிவிட்டு வந்திருந்தாள்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதாம்மா?"

எழுதிக் கொடுத்திருந்தேன் அக்கா, பதிலுக்குக் காத்திருந்தேன். இந்தப் பதில் மூக்குமருந்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. கத்தரியைத் தையற்காரியிடம் திருப்பிக் கொடுத்தாள். முனை போயிருந்தது. பையைத் திறந்து, மீதமிருந்த மருந்தில் ஒன்றையும் அவள் கையில் வைத்தாள்.

"இதை இப்படிப் பிடிச்சு, மூக்குக்குள்ள விட்டு, அழுத்தணும். அவ்வளவுதான். என்னைக் கூப்பிட வேண்டாம், யாரையும் கேக்க வேண்டாம்."

தையற்காரி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "கூப்பிடுவேன், அக்கா" என்றாள்.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியது, மருந்தை வெளியாளிடம் கொடுத்தது என்று இரண்டு குற்றச்சாட்டு வந்தது. விளக்கம் கேட்ட தாள் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. பலகையை எடுக்கச் சொல்லி இவள் எழுதியதற்குத்தான் இலாகாவில் தாள் இல்லாமல் போய்விட்டது போல. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சிகிச்சை மையத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் உள்ளே போய், ஒரு பை நிறைய மருந்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். மையத்தில் அதைக் குடும்பங்களுக்குக் கொடுக்கத் தடை இல்லையாம். இத்தனை நாளும் தடை, இவர்கள் நிலையத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

பையோடு முதலில் போனது பெயிண்டர் வீட்டுக்கு. காரியமெல்லாம் முடிந்திருந்தது. சுவர் அப்படியே மொட்டையாகத்தான் இருந்தது. திரையின் முடிச்சை யாரோ அவிழ்த்திருந்தார்கள். மூக்குமருந்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எல்லா வீட்டுலயும் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன், அக்கா. முதல்ல இங்க வரணும்னு தோணுச்சு."

"எனக்கும் ஒண்ணு குடு."

"உங்களுக்கு எதுக்குக்கா இப்ப..."

"பின்வீட்டுல ஒரு பையன் இருக்கான். அவங்கம்மா என்னைப் பாக்க வந்தா. நான் எதையெதை எடுத்து வெச்சேன்னு கேட்டா. நேத்தைக்கே அவ வீட்டுச் சுவத்துல இருந்ததை எல்லாம் கழட்டி மூட்டை கட்டிட்டாளாம், அப்புறம் அவசரத்துக்கு நேரமாயிடக் கூடாதுன்னு."

அந்த அம்மாள் எழுந்து செருப்பை மாட்டினாள். மருந்தை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"வா, போய் மறுபடியும் எல்லாத்தையும் மாட்டச் சொல்லிட்டு வருவோம். நீ தனியாப் போனா கதவைத் திறக்க மாட்டா."